திறன்பேசியும் தனிக் கருவிகளும்: கற்பிட்டிக் கரையோரத்தை முன்வைத்து ஒரு நோக்கு

1

கணினி செய்யும் வேலைகளையும், குறிப்பிட்ட வேலைகளுக்கெனத் தனித்தனியே ஆக்கப்பட்ட கருவிகள் செய்யும் வேலைகளையும் திறன்பேசி விஞ்சிவிட்டதா என்னும் வினா இன்று பரவலாக எழுப்பப்படுகின்றது. வர்த்தக விளம்பரங்கள் இதற்கு ஐயத்துக்கிடமின்றி ஆம் என விடையளிக்கின்றன. கணினியிற் பயிற்சி பெற்றோர் பலர் இதனை மறுக்கின்றனர். இவ்விரு சாராரும் ஒரு கருவியை இன்னொரு கருவியோடு மேசைமீது அருகருகே வைத்து ஒப்பிடுகின்றனர். அவற்றைக் கையாளும் மனிதர் யாவர், எத்தகைய சூழலிற் கையாளுகின்றனர், அவற்றுக்கான செலவை யார் ஏற்கின்றனர் என்பன இவ்வொப்பீட்டில் இடம்பெறுவதில்லை. ஒரு பொருளின் பயன்மதிப்பை, அது பயன்படும் சமூக நிலைமைகளிலிருந்து பிரித்து நிர்ணயிக்க முடியாது என்பதே எமது நிலைப்பாடு. எனவே, இவ்வினாவைக் குறித்தவொரு பிரதேசத்தின் வாழ்க்கையோடு பொருத்தி நோக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

புத்தளம் மாவட்டத்தின் கற்பிட்டிக் குடாநாடு ஒருபுறம் கடனீரேரியாலும் மறுபுறம் பெருங்கடலாலும் சூழப்பட்டது. பள்ளிவாசல்துறை இதன் தமிழ் பேசும் கரையோரக் கிராமங்களுள் ஒன்று. தொழுகைத் தலத்தையும் படகு அணையும் துறையையும் அதன் பெயர் ஒருங்கே சுட்டி நிற்கின்றது. மீன்பிடி, கருவாடு, மணற்பாங்கான நிலத்தில் மேற்கொள்ளப்படும் தோட்டச் செய்கை, மத்திய கிழக்கு நாடுகளில் வேலைவாய்ப்பு ஆகியன இப்பிரதேச மக்களின் பிரதான சீவனோபாயங்களாகும். 1990 ஒக்டோபரில் வடமாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களுட் பெருந்தொகையினர் புத்தளம் மாவட்டத்திலேயே தஞ்சமடைந்தனர் என்பதும் இங்கு மனங்கொள்ளத்தக்கது. கடலிற் செல்லும் கணவன், வளைகுடா நாட்டில் வேலை செய்யும் மகள், சிதறி வாழும் உறவினர் என விரிந்து கிடக்கும் குடும்பங்கள் இவை. தொடர்பாடல் இவர்களுக்கு வாழ்வின் அடிப்படைத் தேவைகளுள் ஒன்றாகும்.

2

கருவிகள் பற்றிய பேச்சில் மார்க்ஸை நினைவுகூர்வது பொருத்தமானது. மூலதனம் முதலாம் பாகத்தில் (1867), பட்டறைத் தொழிலில் வேலைப் பிரிவினை வளர வளரக் கருவிகளும் பிரிந்து சிறப்புற்றுச் செல்வதை அவர் விளக்குகின்றார். பேர்மிங்ஹாம் நகரில் மாத்திரம் ஐந்நூறு வகையான சுத்தியல்கள் ஆக்கப்பட்டதை அவர் அங்கு எடுத்துக்காட்டுகின்றார். ஒவ்வொரு சுத்தியலும் ஒரு தொழிலுக்கு, சில வேளைகளில் ஒரு தொழிலின் ஒரேயொரு படிமுறைக்கு மாத்திரம் உரியது. அதே இடத்தில் டார்வினின் கருத்தொன்றும் அடிக்குறிப்பாகச் சுட்டப்படுகின்றது. எல்லாவற்றையும் வெட்ட வேண்டிய கத்தி ஏறத்தாழ எந்த வடிவத்திலும் இருக்கலாம். ஒரு குறித்த பொருளை வெட்டும் கருவியோ குறித்தவொரு வடிவத்தைப் பெற்றே தீரவேண்டும் என்பது அதன் சாரம்.

திறன்பேசி இப்போக்கைத் தலைகீழாக்குவது போலத் தோன்றுகின்றது. கமரா, கைமின்விளக்கு, மணிக்கூடு, கணிப்பான், ஒலிப்பதிவுக் கருவி, வானொலி, தேசப்படம், கடிதம், வங்கிப் புத்தகம் ஆகியன ஒரு சிறு தகட்டினுள் ஒடுங்கிவிட்டன. ஐந்நூறு சுத்தியல்களும் ஒரே கைப்பிடிக்குள் வந்துவிட்டன எனலாம். எனினும், உள்ளே திறந்து நோக்கினால் தனிக் கருவிகள் அழியவில்லை என்பது தெரியவரும். செய்மதிச் சமிக்ஞையை வாங்குவதற்கு ஒன்று, ஒளியைப் பதிவதற்கு ஒன்று, அசைவை உணர்வதற்கு ஒன்று எனச் சிறப்புற்ற நுண்ணுறுப்புகள் பல அதனுள் அடங்கியுள்ளன. ஒன்றுபட்டவை அவற்றின் விலையும் உடைமையுமே. முன்னர் ஒவ்வொன்றாக வாங்க முடியாதிருந்தவற்றை இப்போது ஒரே தடவையில், கடனுக்கேனும், வாங்க முடிகின்றது. திறன்பேசியின் வெற்றிக்கான முதற் காரணம் இதுவே என்பது எமது கருத்து.

இலங்கையில் ஐந்து குடும்பங்களுள் ஏறத்தாழ ஒன்றிலேயே கணினி உண்டு என்பதைத் தொகைமதிப்புப் புள்ளிவிபரத் திணைக்களம் 2019 இல் நடத்திய ஆய்வு காட்டியது. எஞ்சிய நான்கு குடும்பங்களைப் பொறுத்தவரை, கணினியா திறன்பேசியா என்ற தெரிவு எழுவதேயில்லை. அவர்களிடம் உள்ளது திறன்பேசி, இல்லாதது கணினி. இல்லாத பொருளை உள்ள பொருள் எப்போதும் வென்றுவிடும். அவ்வெற்றியைக் கருவியின் மேன்மைக்குச் சான்றாகக் கொள்வது தவறாகும்.

3

இவ்வாறு கூறுவதனால், திறன்பேசி உண்மையிலேயே மேம்பட்டு நிற்கும் துறைகளை நாம் மறுக்கின்றோம் எனக் கொள்ளலாகாது. இரு துறைகளை இங்கு குறிப்பிடுதல் வேண்டும்.

முதலாவது, பிரிந்து வாழும் குடும்பங்களின் தொடர்பு. மத்திய கிழக்கிற்குப் பணிப்பெண்ணாகச் சென்ற தாய் ஒருவர், 1980 களில் விமானத் தபாலையும் ஒலிநாடாவையும் நம்பியிருந்தார். பின்னர் நகரத்துத் தொலைத்தொடர்பு நிலையத்தில் நிமிடக் கணக்கில் பணம் கொடுத்துப் பேசும் முறை வந்தது. இன்று வட்ஸ்அப், ஐ.எம்.ஓ. போன்ற செயலிகள் மூலம் பிள்ளையின் முகத்தைப் பார்த்துப் பேச முடிகின்றது. எழுத வாசிக்கத் தெரியாதவர்கூடக் குரற்பதிவு மூலம் செய்தி அனுப்புகின்றார். கடிதம் எழுதித் தருபவரின் தயவை நாட வேண்டிய நிலை நீங்கியுள்ளது. இப்பணியில் கணினி திறன்பேசிக்கு ஈடாகாது. ஆயினும், இதே கருவியை வேலைகொள்வோர் பறித்து வைத்துக்கொள்வதுண்டு என்பது வளைகுடாப் பணிப்பெண்கள் பற்றிய மனித உரிமை அறிக்கைகளில் மீண்டும் மீண்டும் பதிவாகியுள்ளது. கருவியின் ஆற்றல், அதனை வைத்திருக்கும் உரிமையில் தங்கியுள்ளமைக்கு இஃதோர் உதாரணமாகும்.

இரண்டாவது, தமிழ் எழுதுதல். சுன்னாகத்திற் பிறந்து மலாயாவிலும் சிங்கப்பூரிலும் வாழ்ந்த ஆர். முத்தையா தமிழ்த் தட்டச்சு விசைப்பலகையை வடிவமைத்த காலந்தொட்டு, இயந்திரத்தில் தமிழெழுதுவது பயின்றோரின் தொழிலாகவே இருந்துவந்தது. கணினி வந்தபோதும் நிலைமை பெரிதும் மாறவில்லை. பாமினி போன்ற எழுத்துருக்களைத் தட்டச்சுப் பயிற்சி பெற்றோரே விரைந்து கையாண்டனர். 1999 இல் சென்னை மாநாட்டின் வழியாகத் 'தமிழ்99' விசைப்பலகை தரப்படுத்தப்பட்ட பின்னரும் அது பொதுமக்களின் கைக்கு எளிதில் எட்டவில்லை. 2005 இல் முத்து நெடுமாறன் சிங்கப்பூரில் அறிமுகஞ்செய்த 'செல்லினம்' தமிழெழுத்தைக் கைத்தொலைபேசிக்குக் கொண்டுவந்தது. 2017 இல் கூகிள் நிறுவனம் தமிழ்ப் பேச்சை எழுத்தாக மாற்றும் வசதியைச் சேர்த்தது. இன்று தட்டச்சுப் பயிலாத ஒரு மீனவரும் தமிழில் எழுதி அனுப்புகின்றார். இலக்கிய வரலாற்று நோக்கில் இது சாதாரணமான மாற்றமன்று. அச்சுக்கூடத்தையும் தட்டெழுத்தாளரையும் சார்ந்திருந்த எழுத்துற்பத்தி, எழுதத் தெரிந்த எவரது கைக்கும் வந்துள்ளது.

4

கடலுக்குச் செல்லும்போது நிலைமை வேறுபடுகின்றது. இப்பிரதேசத்துச் சிறு மீனவர்கள் பெரும்பாலும் வெளியிணைப்பு இயந்திரம் பூட்டிய கண்ணாடியிழைப் படகுகளிலேயே தொழில் செய்கின்றனர். திசையறிதல், ஆழமறிதல், காலநிலை அறிதல், ஆபத்தில் உதவி கோருதல் ஆகிய நான்கும் அவர்களது அன்றாடத் தேவைகள். இவை ஒவ்வொன்றுக்கும் தனிக் கருவிகள் உண்டு.

திசையறிதலில் திறன்பேசி பெருமளவு பயன்படுகின்றது. அதன் ஜீ.பி.எஸ். உறுப்பு செய்மதியிலிருந்து நேரே சமிக்ஞையைப் பெறுவதால், தொலைபேசிக் கோபுரத்தின் எல்லைக்கு அப்பாலும் அது இடத்தைக் காட்டும். தேசப்படம் முன்கூட்டியே பதிவிறக்கப்பட்டிருந்தாற் போதும். ஆனால் உப்பு நீரும், ஈரக் கையை ஏற்க மறுக்கும் தொடுதிரையும், நண்பகல் வெயிலில் மங்கும் வெளிச்சமும், விரைவில் தீரும் மின்கலமும் அதன் பலவீனங்கள். கடலுக்கென ஆக்கப்பட்ட ஜீ.பி.எஸ். கருவி இவற்றைத் தாங்குமாறு வடிவமைக்கப்பட்டது. ஆழமறிதலில் திறன்பேசி தனித்து எதுவும் செய்ய இயலாது. நீருக்குள் ஒலியலையை அனுப்பி, எதிரொலியை வாங்கும் உறுப்பு அதற்கில்லை. அவ்வுறுப்பை வேறாக வாங்கி இணைத்தால், அது வெறும் திரையாக மாத்திரம் உதவும்.

உதவி கோருதலிலேயே வேறுபாடு உயிர்ப் பிரச்சினையாகின்றது. தொலைபேசி ஒருவரை ஒருவரோடு இணைப்பது. கரைக் கோபுரத்தின் வீச்செல்லையுள் மாத்திரம் இயங்குவது. கடல் வீ.எச்.எப். வானொலியோ, ஒருவர் பேசினால் வீச்சிலுள்ள எல்லாப் படகுகளும் கேட்கும் இயல்பினது. அதன் 16 ஆம் அலைவரிசை ஆபத்து அழைப்புக்கென உலகெங்கும் ஒதுக்கப்பட்டுள்ளது. அருகில் எப்படகு நிற்கின்றது, அதன் இலக்கம் யாது என்பதை அறியாமலே அதனை அழைக்க முடியும். கூட்டுத் தொழிலுக்கு ஏற்ற கருவி இதுவே எனலாம்.

2017 நவம்பர் இறுதியில் வீசிய ஒக்கிப் புயல் இதனைக் கொடூரமாக உணர்த்தியது. இலங்கையின் தென்பகுதியைத் தாக்கிக் கன்னியாகுமரி, திருவனந்தபுரக் கரைகளை அணுகிய அப்புயலில் நூற்றுக்கணக்கான மீனவர் உயிரிழந்தனர், காணாமற்போயினர். பலர் நாட்கணக்கில் ஆழ்கடலில் தங்கித் தொழில் செய்தவர்கள். எச்சரிக்கை வெளியானபோது அவர்கள் தொலைபேசிக் கோபுரங்களின் எல்லையைத் தாண்டியிருந்தனர். அவர்களிடம் தொலைபேசி இருந்தது. செய்தி சென்றடைய வழி இருக்கவில்லை. இதனைத் தொடர்ந்து 2019 இல் இந்திய அரசு 'ஜெமினி' என்னும் கருவியை அறிமுகஞ்செய்தது. செய்மதி வழியாக வரும் எச்சரிக்கையை வாங்கி, புளூடூத் மூலம் மீனவரின் திறன்பேசிக்கு அனுப்புவது அதன் பணி. தனிக் கருவியையும் பொதுக் கருவியையும் எதிரெதிராக நிறுத்தாது இணைத்தமை இதன் சிறப்பு. செய்தியை வாங்க மாத்திரமே இயலும், கடலிலிருந்து திருப்பி அனுப்ப இயலாது என்பது அதன் குறை.

இலங்கை அனுபவமும் நோக்கத்தக்கது. சட்டவிரோத மீன்பிடியைக் கட்டுப்படுத்தத் தவறியமைக்காக இலங்கை மீன் ஏற்றுமதிக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2015 ஜனவரியில் தடை விதித்தது. 2016 இல் அத்தடை நீங்குவதற்கு முன்னர், ஆழ்கடல் செல்லும் பலநாட் படகுகளில் செய்மதிக் கண்காணிப்புக் கருவிகளைப் பொருத்தும் ஏற்பாடுகளை அரசு மேற்கொண்டது. ஏற்றுமதிச் சந்தை கோரியபோது தனிக் கருவி இன்றியமையாதது என்பது உடனே ஏற்கப்பட்டது. அவ்வாறாயின், ஒருநாட் படகில் செல்லும் சிறு மீனவரின் உயிர்க்காப்புக்கு மாத்திரம் திறன்பேசி போதும் என்று கருதுவது எவ்வாறு நியாயமாகும்?

5

சந்தையைப் பொறுத்தவரை தொலைபேசியின் புகழ் கேரளத்திலிருந்து பரவியது. பொருளியலாளர் ரொபேர்ட் ஜென்சன் 2007 இல் வெளியிட்ட ஆய்வு, 1997 முதல் 2001 வரை வடகேரளக் கரையோரத்திற் கைத்தொலைபேசி படிப்படியாகப் பரவியதன் விளைவுகளை அளந்தது. கரையிலிருந்து 20 முதல் 25 கிலோமீற்றர் வரை கடலிலும் சமிக்ஞை கிடைத்தது. மத்தி மீன் பிடித்தோர் எந்தத் துறையில் நல்ல விலை உண்டு என்பதைக் கடலிலிருந்தே கேட்டறிந்தனர். துறைகளுக்கிடையிலான விலை வேறுபாடு பெரிதும் குறைந்தது. விற்க முடியாது வீசப்பட்ட மீன் ஏறத்தாழ இல்லாமற்போயிற்று. மீனவரின் இலாபம் 8 வீதம் கூடியது. நுகர்வோர் கொடுத்த விலை 4 வீதம் குறைந்தது. இவை யாவும் சாதாரணத் தொலைபேசியால் விளைந்தவை. அக்காலத்தில் திறன்பேசி அவர்களிடம் இருக்கவில்லை.

இவ்வாய்வு உலகெங்கும் எடுத்தாளப்பட்டது. ஆயினும், பின்னர் கேரளக் கரையோரத்திற் களஆய்வு செய்த ஜானகி சிறீனிவாசன், ஜென்னா பரல் ஆகியோர், இப்பயன் எல்லா வகைத் தொழிலாளருக்கும் எல்லாக் கரைகளுக்கும் ஒரே விதமாகப் பொருந்துவதில்லை எனச் சுட்டிக்காட்டினர். இதற்கான காரணம் எமது கரைகளிலும் காணப்படுவதே. வலைக்கும் இயந்திரத்துக்கும் முற்பணம் பெற்றவர், பிடித்த மீனை முற்பணம் கொடுத்த முதலாளியிடமே கொடுக்கக் கடமைப்பட்டுள்ளார். நூற்றைம்பது கிலோமீற்றருக்கு அப்பாலுள்ள பேலியகொடைச் சந்தையின் அன்றைய விலையைத் திறன்பேசி அவருக்குத் தெரிவிக்கும். ஆனால் அவ்விலைக்கு விற்கும் சுதந்திரத்தை அது அவருக்கு வழங்காது. முன்னர் அறியாமற் சுரண்டப்பட்டவர், இப்போது எவ்வளவு சுரண்டப்படுகின்றோம் என்பதை ரூபாக் கணக்கில் அறிந்துகொள்கின்றார். இவ்வறிவு பயனற்றதன்று, கூட்டுறவாகவும் சங்கமாகவும் திரளும்போது அதுவே பேரம்பேசும் பலமாக மாறும். தனி மனிதரின் கையில் அது மனக்கசப்பாக எஞ்சுகின்றது.

2020 ஒக்டோபரில் கொரோனாத் தொற்றுக் காரணமாகப் பேலியகொடை மத்திய மீன்சந்தை மூடப்பட்டபோது, அச்செய்தி கணப்பொழுதில் கரைகளெங்கும் பரவியது. மீனைப் பழுதடையாது பாதுகாக்கும் குளிரறைகள் அவ்வாறு பரவவில்லை. 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றரொன்றின் விலை 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஒரே நாளில் உயர்த்தப்பட்டபோதும் செய்தி விரைந்து வந்தது. படகுகள் கரையிலே நின்றன. தகவல் உற்பத்திச் சக்திகளுள் ஒன்றே. ஏனையவை இல்லாதவிடத்து அது மாத்திரம் வயிற்றை நிரப்பாது.

6

கல்வித் துறையில் இப்பிரச்சினை மேலும் கூர்மையடைகின்றது. 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டபோது, திறன்பேசியே வகுப்பறையாயிற்று. ஒரு வீட்டில் ஒரு தொலைபேசி. அதுவும் தந்தையோடு தொழிலுக்குச் செல்வது. மூன்று பிள்ளைகள் அதற்காகக் காத்திருப்பது என்பதே பல குடும்பங்களின் நிலை. சமிக்ஞை தேடிப் பாறைகளிலும் மரங்களிலும் ஏறிய கிராமப்புற மாணவரை அக்காலச் செய்திகள் காட்டின. அன்று திறன்பேசி இருந்திராவிடின் கற்றல் முற்றாக நின்றிருக்கும் என்பது உண்மை. அதனைக் கொண்டு, திறன்பேசி இருந்தாற் போதும், பாடசாலைக்குக் கணினிக்கூடம் வேண்டியதில்லை என வாதிடுவது வேறு விடயம்.

பாடத்தைப் பார்ப்பதும் பாடத்தை ஆக்குவதும் ஒன்றல்ல. க.பொ.த. உயர்தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பத்தைப் பாடமாக எடுக்கும் மாணவர் நிரல்கள் எழுதவும், தரவுத்தளம் அமைக்கவும் வேண்டும். பல பக்கங்களை ஒரே நேரத்தில் திறந்து ஒப்பிட்டு நீண்ட கட்டுரையொன்றை எழுதுவதற்குப் பெரிய திரையும் முழுமையான விசைப்பலகையும் தேவை. விரற்கடையளவு திரையில் செய்தியை வாசிக்கலாம்; ஆய்வேட்டைத் திருத்துவது அரிது. தொகைமதிப்புப் புள்ளிவிபரத் திணைக்களம் 'கணினி எழுத்தறிவு' என்பதோடு, திறன்பேசிப் பயன்பாட்டையும் உள்ளடக்கிய 'டிஜிட்டல் எழுத்தறிவு' என்ற அளவையையும் கையாளுகின்றது. இரண்டாவது வீதம் முதலாவதை விட உயர்வாக இருப்பது இயல்பே. அவ்வுயர்வைக் கண்டு மகிழ்வோர், இவ்விரு வீதங்களுக்கும் இடையிலுள்ள இடைவெளியே வாங்குவோரையும் ஆக்குவோரையும் பிரிக்கும் கோடு என்பதை மறந்துவிடலாகாது.

இவ்விடத்தில் கற்பிட்டியின் மைந்தர் ஒருவரை நினைவுகூரலாம். 1807 இல் அங்கு பிறந்த சைமன் காசிச்செட்டி, இலங்கை பற்றிய அகரவரிசைத் தகவற் களஞ்சியமொன்றை 1834 இலும், தமிழ்ப் புலவர் வரலாறு கூறும் 'தமிழ் புளூராக்'கை 1859 இலும் வெளியிட்டார். செய்திகளைத் திரட்டுதல், ஒப்பிடுதல், நிரற்படுத்துதல் என்னும் அறிவுழைப்பே அந்நூல்களின் அடித்தளம். இன்று அதே வகையான பணியை, 2005 இல் தொடங்கப்பட்ட 'நூலகம்' மின்னூலகம் ஈழத்துத் தமிழ் நூல்களைப் பொறுத்து ஆற்றுகின்றது. அங்குள்ள நூலொன்றைப் பள்ளிவாசல்துறையிலிருந்து திறன்பேசியில் எவரும் இலவசமாக வாசிக்கலாம். முன்னைய தலைமுறையினர் கனவிலும் காணாத வாய்ப்பு இது. ஆனால் அந்நூல்களை வருடிப் பதிந்து, பட்டியலிட்டு, பேணி வைத்திருப்பவை வருடிகளும் கணினிகளும் சேவையகங்களுமே. வாசிப்பு திறன்பேசிக்கு வந்துவிட்டது. தொகுப்பு இன்னும் கணினியிலேயே நிகழ்கின்றது. கற்பிட்டிக் குடாநாட்டிலிருந்து இன்னொரு தொகுப்பாளர் தோன்ற வேண்டுமாயின், அவருக்கு வாசிக்கும் கருவி மாத்திரம் போதாது.

7

இறுதியாகச் செலவு பற்றி ஒரு வார்த்தை. 2022 இன் முற்பகுதியில் டொலரொன்று ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்தது. சில மாதங்களுள் 360 ரூபாவை எட்டியது. இறக்குமதிப் பொருளான திறன்பேசியின் விலையும் அதனோடு ஏறியது. அவ்வாண்டு ஜூலையில் எரிபொருள் பங்கீட்டுக்கு கியூ.ஆர். குறியீடு அறிமுகஞ்செய்யப்பட்டது. அக்குறியீட்டைத் திறன்பேசியிற் காட்டவும் முடிந்தது, கடதாசியில் அச்சிட்டுக் காட்டவும் முடிந்தது. பலர் அச்சிட்ட தாளையே கொண்டு சென்றனர். அன்றாடப் பணியொன்றில் ஒரு துண்டுக் கடதாசி விலையுயர்ந்த கருவிக்கு நிகராக நின்றமை கவனிக்கத்தக்கது.

இக்கருவிகளை ஆக்கும் உழைப்பும் எமக்குத் தொலைவிலுள்ளதன்று. தமிழ்நாட்டின் சிறீபெரும்புதூரில் 2006 இல் உற்பத்தியைத் தொடங்கிய நொக்கியாத் தொழிற்சாலை, 2014 நவம்பரில் மூடப்பட்டபோது ஆயிரக்கணக்கான தொழிலாளர் வேலையிழந்தனர். அதே பகுதியிலுள்ள பொக்ஸ்கொன் தொழிற்சாலையின் பெண் தொழிலாளர், விடுதி உணவு நஞ்சானதையடுத்து 2021 டிசெம்பரில் வீதிக்கிறங்கினர். ஒரு கரையில் தமிழ்ப் பெண்கள் பூட்டிய கருவி மறுகரையில் தமிழ்ப் பெண்களுக்குப் பிள்ளையின் முகத்தைக் காட்டுகின்றது. இருவரும் ஒருவரையொருவர் அறியார். பண்டத்தின் பளபளப்பு மனித உறவை மறைக்கின்றது என்பதற்கு இதனிலும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

8

இதுகாறும் கூறியவற்றைத் தொகுத்து நோக்குவோம். உறவினரோடு பேசுதல், குறுஞ்செய்தி எழுதுதல், படமெடுத்தல், விலை விசாரித்தல், வாசித்தல் ஆகிய பணிகளில் திறன்பேசி கணினியையும் பல தனிக் கருவிகளையும் விஞ்சிவிட்டது. கடலில் உயிர்காத்தல், ஆழமறிதல், நீண்ட எழுத்து, நிரலாக்கம், தொகுப்பு ஆகியவற்றில் விஞ்சவில்லை. முதல் வகைப் பணிகளில் அது மக்களுக்கு ஈட்டித் தந்தவற்றைக் குறைத்து மதிப்பிடுவது மேட்டிமை மனோபாவமாகும். இரண்டாம் வகைப் பணிகளுக்கும் அதுவே போதும் என்பது, வானொலிக் கருவிக்கும் பாடசாலைக் கணினிக்கும் குளிரறைக்கும் செலவிட வேண்டிய அரசு அச்செலவை மீனவரின் சட்டைப்பைக்கு மாற்றிவிடுவதற்குத் துணைபோவதாகும்.

எல்லாவற்றையும் வெட்டும் கத்தி வறியவரிடம் இருப்பது நன்று. அது ஒன்றே அவரிடம் இருக்க வேண்டும் என்று யார் தீர்மானித்தார் என்பதே கேட்கப்பட வேண்டிய கேள்வி. துறைக்கொரு வீ.எச்.எப். நிலையம், படகுக்கொரு எச்சரிக்கைக் கருவி, பாடசாலைக்கொரு கணினிக்கூடம், மீனவர் கூட்டுறவுக்கொரு குளிரறை ஆகியவற்றைக் கோரும்போதுதான், சட்டைப்பையிலுள்ள திறன்பேசியும் தன் முழுப் பயனைத் தரும். அக்கோரிக்கையை எழுதவும் பரப்பவும் அதே கருவி உதவும் என்பதில் ஐயமில்லை.